பாட்டும் ராஜத் துவேஷமும்

1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நெல் வயல்களினூடே பதினைந்து நாள் நடை. தொண்டர்களிடம் ஆயுதம் கிடையாது. அந்த யாத்திரைக்கென்று நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை இயற்றிக் கொடுத்த பாட்டுத்தான் அவர்களுடைய பலம். தொண்டர்களுக்கு அன்னமும் இடமும் அளிப்போருக்கு ஆறு மாதச் சிறை என்று தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தார்ன் துரை பயமுறுத்தினார். ஜனங்கள் சோற்றைப் பொட்டலமாக்கிச் சாலையோரத்து மரக்கிளைகளில் கட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். சோறிட்ட கையைத் தேடிப் பிடிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. பாட்டைக் கேட்ட காதை என்ன செய்வது?

பாட்டைக் கண்டு சர்க்கார் மிரண்டது அப்போது புதிதன்று. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1928-இல், பர்மா சர்க்கார் பாரதியாரின் தேசீய கீதங்களைத் தடுத்தது. சென்னை சர்க்காரும் அதைப் பின்பற்றிப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. கவி காலமாகி அப்போது ஏழு வருஷம் ஆகிவிட்டது. சட்டசபையில் ஸ்ரீ சத்தியமூர்த்தி இதை எதிர்த்து வாதாடினார். சபையும் பெருவாரியான வாக்குகளால் சர்க்காரின் செய்கையைக் கண்டித்தது. இன்று அதே கீதங்கள் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைகளிலும், மந்திரிகள் வீற்றிருக்கும் மேடைகளிலும் ஒலிக்கின்றன. பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பறிமுதல் உத்தரவு ஞாபகமிருக்கும்?

இனி, யாத்திரை புறப்பட்ட அந்தத் திருச்சிக்கே வருவோம். 2015-ஆம் வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி, நள்ளிரவு கடந்தபின், மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவனைச் சென்னையிலிருந்து வந்த போலீஸார் அவர் வீட்டிலேயே கைது செய்தனர். சர்க்கார் நடத்தும் டாஸ்மாக் மதுக்கடைகளை மூடும்படி பறையடித்துப் பாடினார், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவைக் கடிந்து பாடினார் என்பதே குற்றம். அதற்கு 124-ஏ பிரிவு! திலகரையும் காந்தியடிகளையும் சிறைக்கு அனுப்பிய ராஜத் துவேஷப் பிரிவு அது. வேதாரண்ய யாத்திரையின் தலைவர் 1937-இல் மாகாணப் பிரதம மந்திரியாகி, முதற்காரியங்களில் ஒன்றாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதே மதுவிலக்கைக் கேட்டவன் சுதந்திர நாட்டில் ராஜத் துரோகியாகிவிட்டான். வன்முறையைத் தூண்டாத பேச்சு ராஜத் துவேஷமாகாது என்று 1962-இலேயே கேதார்நாத் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வரையறுத்திருந்ததைப் போலீஸார் அறியாதவர்களா? நவம்பர் நடுவில் கோவனுக்கு ஜாமீன் கிடைத்தது. அதற்குள், பாட்டை அதுவரை கேட்டிராத லக்ஷக்கணக்கானோர் கைப்பேசியில் கேட்டுவிட்டனர். 2018 ஏப்ரலில், வேறொரு பாட்டுக்காக அவர் மறுபடியும் கைதானார். கோவனுடைய கழகத்தின் கொள்கைகள் நமக்கு உடன்பாடானவை அல்ல; அவர் பாட்டுகளில் சில வார்த்தைகள் நமக்கு ருசிக்கவும் இல்லை. ஆனால் நமக்கு ருசிக்காததெல்லாம் ராஜத் துவேஷமாகிவிடுமா?

124-ஏ போய்விட்டதே, இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது மெய்தான். 2024 ஜூலை முதல் தேதி புதிய சட்டங்கள் அமலுக்கு வந்தபோது 'ராஜத் துவேஷம்' என்ற சொல்லும் நீங்கியது. ஆனால் அதன் இடத்தில் 152-ஆம் பிரிவு வந்து உட்கார்ந்திருக்கிறது. தேசத்தின் ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து விளைவிப்பது அதன்படி குற்றம். பழைய பிரிவில் ஆயுள் தண்டனை இல்லாவிட்டால் மூன்று வருஷம் வரை சிறை. புதியதில் அந்த மூன்று ஏழாகியிருக்கிறது. புத்தகங்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தைப் பாருங்கள்: 1922-இல் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 99-ஏ என்று நுழைந்தது, 1973-இல் 95 ஆயிற்று, இப்போது 98. பெயர் மாற்றிக் கொண்டு அதே ஆசாமி அதே வீட்டில் குடியிருக்கிறார். உத்தரவை முதலில் நிர்வாகமே போடும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் ஹைகோர்ட்டுக்குப் போகலாம். மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். வக்கீல் தொழில் செய்தவன் என்ற முறையில் இதில் குறை காண முடியாது. ஆனால் மாரியம்மன் திருவிழாவில் பாடிக் கூலி வாங்கும் பாட்டுக்காரன் சென்னைக்கோ மதுரைக்கோ போய் மூன்று நீதிபதிகள் முன் நிற்பது எந்தக் காலத்தில்?

ஜாதித் துவேஷத்தை வளர்க்கும் பாட்டுகளை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. திருவிழா ஒலிபெருக்கியில் ஒரு தெருவாரை இழிவுபடுத்தும் பாட்டைப் போட்டுவிட்டு, மறுநாள் அடிதடிக்குக் காத்திருப்போர் உண்டு. அதற்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றின்படி வழக்குத் தொடர்ந்து, சாட்சியம் வைத்து, கோர்ட்டில் நிரூபிக்கட்டும். ஒரு தெருவாரின் மானத்தைக் காக்கும் அந்தப் பிரிவுகளை, மந்திரிகளின் மானத்தைக் காக்க எடுத்து வீசுவதைத்தான் நாம் ஆக்ஷேபிக்கிறோம்.

தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைத் தொகுதிகளின் அங்கத்தினர்களை ஒன்று கேட்கிறோம். 152-ஆம் பிரிவின் கீழும் 98-ஆம் பிரிவின் கீழும் எத்தனை பாட்டுகளின் பேரில், எந்தெந்த மாகாணங்களில் நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று லோக் சபையில் அவர்கள் ஒரு கேள்வி கொடுக்கட்டும். வரும் பதிலை இந்தப் பக்கத்திலேயே ஒரு வரி விடாமல் பிரசுரிக்கிறோம்.