திரைக்குப் பின்னே இரண்டடி

பழைய திரையரங்குகளில் படம் பார்த்தவர்கள் ஒருமுறையாவது தலையைத் திருப்பி அந்த ஒளிக்கற்றையைப் பார்த்திருப்பார்கள். பின்சுவரின் சின்னத் துளையிலிருந்து புறப்பட்டு, மிதக்கும் தூசியெல்லாம் மினுமினுக்க, அரங்கின் முழு நீளத்தையும் கடந்து வெள்ளைத் திரையில் போய் விழும். துளைக்குப் பின்னால் ஆபரேட்டருக்கென்று தனி அறையே உண்டு.

2017 ஜூலையில், தென்கொரியாவின் சியோல் நகரில் உள்ள லோட்டே வேர்ல்டு டவர் திரையரங்கின் ஓர் அரங்கில், அந்த ஒளிக்கற்றை இல்லாமலே படம் ஓடத் தொடங்கியது. சாம்சங் நிறுவனம் அங்கே 10.24 மீட்டர் அகலத்துக்கு எல்.இ.டி. சுவர் ஒன்றை எழுப்பியிருந்தது. திரையே விளக்காகிவிட்டதால் புரொஜெக்டரும் இல்லை, அதற்கான அறையும் தேவையில்லை.

இன்று நம் ஊர்க் கல்யாண மண்டப மேடைகளில் நிற்கும் ‘எல்.இ.டி. வால்’ இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எதிரே நின்று பார்த்தால் சுவரில் ஒட்டிய படம்போல மெல்லியதாகத் தெரிகிறது. ஆனால் அதற்குத் தேவைப்படும் இடம் அதன் தடிமனைவிடப் பல மடங்கு பெரிது. அந்தக் கணக்கு தெரிந்தால்தான் திரை நன்றாகத் தெரியும். நீண்ட நாள் உழைக்கும்.

புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே

எல்லாக் கணக்கும் ‘பிட்ச்’ என்ற ஓர் எண்ணில் தொடங்குகிறது. ஒரு புள்ளியின் மையத்திலிருந்து அடுத்த புள்ளியின் மையம் வரை உள்ள தூரமே பிட்ச். ‘பி 2.5’ என்றால் 2.5 மி.மீ. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்.இ.டி. டயோடுகள். சிவப்பு எல்.இ.டி. 1962லேயே வந்துவிட்டது. நீலம் பளிச்சென்று ஒளிர 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

சியோல் திரையின் அகலம் ஏன் சரியாக 10.24 மீட்டர்? 4கே சினிமாவில் ஒரு வரிசைக்கு 4,096 புள்ளிகள். அதை இந்தத் திரையின் பிட்ச்சான 2.5 மி.மீ.யால் பெருக்கினால் 10.24 மீட்டர் வந்துவிடுகிறது. புரொஜெக்டரில் லென்ஸைத் திருகிப் படத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். எல்.இ.டி. சுவரில் பிட்ச்சும் புள்ளிகளின் எண்ணிக்கையும் முடிவானதுமே அகலமும் முடிவாகிவிடும்.

பார்வையாளர் உட்கார வேண்டிய தூரத்தையும் பிட்ச்தான் சொல்கிறது. ஒரு பாகையை 60 பங்காக்கினால் அதில் ஒரு பங்குக் கோணம் வரை நல்ல கண் பிரித்தறியும். அதன்படி 2.5 மி.மீ. புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமல் கலந்துவிட ஏறக்குறைய 8.6 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். 10 மி.மீ. பிட்ச் கொண்ட தெருவோர விளம்பரப் பலகைக்கு 34 மீட்டர். ‘ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மீட்டர்’ என்று தொழிலில் சொல்வது, முதல் வரிசைக்கான குறைந்தபட்ச தூரம் மட்டுமே.

அறை சிறியது என்றால் பிட்ச்சைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அதைப் பாதியாக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகும். பி 2.5இல் ஒரு சதுர மீட்டருக்கு 1,60,000 புள்ளிகள், பி 1.25இல் 6,40,000. விலை ஏறுவது இதனால்தான்.

தடிமன் எங்கிருந்து வருகிறது?

டயோடு உட்கார்ந்திருக்கும் உறையின் உயரம் ஓரிரு மில்லிமீட்டர்தான். அப்படியிருக்க, உள்ளரங்கச் சுவர்களை ஆக்கும் ‘கேபினெட்’ எனும் பெட்டிகள் மூன்று முதல் எட்டு சென்டிமீட்டர் வரை தடிப்பாக இருப்பது ஏன்? பள்ளியில் படித்த மின்னோட்டக் கணக்கே விடை தருகிறது.

4.8 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் கொண்ட சுவரை எடுத்துக்கொள்வோம். பி 2.5இல் இது முழு எச்.டி. திரை, பரப்பு சுமார் 13 சதுர மீட்டர். முழு வெள்ளை காட்டும்போது சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்தால் மொத்தம் 6,500 வாட். இந்த டயோடுகளுக்கு மின்சாரம் தரப்படுவது ஏறத்தாழ 5 வோல்ட்டில். 6,500ஐ 5ஆல் வகுத்தால் 1,300 ஆம்பியர்! அவ்வளவு மின்னோட்டத்தை ஒரே இடத்திலிருந்து அனுப்ப மணிக்கட்டுத் தடிமனுக்குக் கேபிள் வேண்டும். வழியில் அரை வோல்ட் குறைந்தாலே பத்தில் ஒரு பங்கு மின்சாரம் வீண்.

அதனால் சுவரைச் சிறுசிறு கேபினெட்டுகளாகப் பிரிக்கிறார்கள். 60 செ.மீ. அகலமும் 33.75 செ.மீ. உயரமும் கொண்ட கேபினெட் என்றால் இந்தச் சுவருக்கு எட்டுக்கு எட்டு, 64 வேண்டும். வீட்டுக்கு வரும் அதே 230 வோல்ட் ஒவ்வொன்றுக்குள்ளும் போய், அங்கேயே 5 வோல்ட்டாக மாறுகிறது. ஒரு கேபினெட்டின் பங்கு இப்போது 20 ஆம்பியர்தான். சுவரைத் தடிப்பாக்குவது பெரும்பாலும் அந்தப் பவர் சப்ளையும், அதற்குப் பக்கத்தில் டேட்டாவை வாங்கிப் பகிரும் கார்டும், இவற்றைத் தாங்கும் அலுமினியச் சட்டமும்தான்.

சட்டத்தை விருப்பத்துக்கு மெலியவைக்கவும் முடியாது. பி 1.25 சுவரில் இரண்டு கேபினெட்டுகள் கால் மில்லிமீட்டர் விலகி நின்றாலே, அந்த இடத்தில் புள்ளி இடைவெளி ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். கண்ணுக்கு அது கறுப்புக் கோடாகத் தெரியும். வளையாத, கச்சிதமான சட்டத்துக்குச் சற்றுப் பருமன் வேண்டும். வெயிலோடு போட்டியிட்டு ஒளிர வேண்டிய, மழைநீர் புகக்கூடாத வெளிப்புறச் சுவர்கள் 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை தடிப்பது இயல்பு.

மூச்சுவிட இடம்

அந்த 6,500 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் முடியும். கிட்டத்தட்ட இரண்டு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பம் அது. சாதாரண வீடியோ ஓடும்போது மூன்றில் ஒரு பங்கு அளவே செலவானாலும், பின்னால் காற்று கீழிருந்து மேலே ஓட வழி இல்லையென்றால் சூடு தேங்கும். சூடேறிய டயோடு மங்கும். சிவப்பு மற்ற நிறங்களைவிட அதிகம் மங்குவதால் முகங்களின் நிறமே மாறிவிடும்.

அடுத்தது பழுது. பின்பக்கமாகத் திறக்கும் கேபினெட் என்றால், ஆள் நின்று வேலை பார்க்க இரண்டு முதல் மூன்று அடி நடைபாதை கட்டாயம். டயோடுகள் பதித்த, காந்தத்தால் ஒட்டியிருக்கும் ‘மாட்யூல்’ பலகையை முன்பக்கமாகவே கழற்றும் வகையும் உண்டு. அதற்குச் சட்டத்தையும் காற்றையும் சேர்த்துச் சில அங்குலம் போதும். எடையையும் மறக்கக்கூடாது. சதுர மீட்டருக்கு 30 கிலோ என்றாலும் நம் சுவர் 400 கிலோவை நெருங்குகிறது. செங்கல் சுவரில் நாலு ஆணி அடித்து மாட்டும் பொருள் அல்ல இது.

சியோல் அரங்கில் இன்னொரு சிக்கலும் வந்தது. சாதாரணச் சினிமாத் திரையில் நுண்துளைகள் இருக்கும். ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னாலிருந்து பேசும். எல்.இ.டி. சுவரைத் துளைத்து ஒலி வராது. எனவே ஸ்பீக்கர்களைத் திரையைச் சுற்றி அமைத்து, குரல் திரையிலிருந்தே வருவதுபோல ஒலியைச் சீர்செய்ய வேண்டியிருந்தது.

மண்டபமோ பள்ளி அரங்கமோ கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பவரிடம் ‘எத்தனை அடிக்கு எத்தனை அடி’ என்று கேட்பதோடு நிற்காதீர்கள். முதல் வரிசை எவ்வளவு தள்ளி, பின்னால் எவ்வளவு இடம், சூடு எந்த வழியாகப் போகும், பழுது முன்னாலா பின்னாலா என்ற நான்கையும் கேளுங்கள். விடைகளை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். கட்டி முடித்த சுவரை இடிப்பதைவிட, கட்டும்போதே இரண்டடி விடுவது எளிது.