சீனப் பேரரசுக் கால அஞ்சல் உறைகள்

சீனாவின் முதல் அஞ்சல் தலைகள் சிங் பேரரசுக் காலத்தில், 1878-ஆம் ஆண்டு வெளிவந்தன. தனி அஞ்சல் துறை அப்போது இல்லை. வெளியிட்டது இராபர்ட் ஹார்ட் தலைமையில் இயங்கிய சுங்கத்துறை. 1, 3, 5 கேண்டரின் மதிப்புகளில் பச்சை, சிவப்பு, மஞ்சள் நிறங்களில் அச்சான இவற்றைச் சேகரிப்போர் ‘பெரிய டிராகன்’ என்பர். கேண்டரின் என்பது வெள்ளியை நிறுக்கும் எடை அளவு.

தலைகளைவிட, அவை ஒட்டிய உறைகளே அரியவை. சீனா உலக அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்தது 1914-இல்தான். பெரிய டிராகன் தலைகளின் காலத்தில் பெய்ஜிங்கிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் கடிதத்துக்குச் சீனத் தலை சாங்காய் வரைதான் செல்லும். அங்கிருந்து பிரித்தானிய அஞ்சலகம் வழியே அனுப்ப ஆங்காங் தலை வேண்டும். பிரெஞ்சு அஞ்சலகம் என்றால் பிரெஞ்சுத் தலை. இப்படி ஒரே உறையில் இரு நாட்டுத் தலைகள் வந்தன.

தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கும்படி மாணவர்களுக்கு நானும் சொல்லிக்கொடுத்தவன்தான். இவ்வுறைகளை அப்படிச் செய்தால் கடிதம் சென்ற வழிக்கான சான்றே அழிந்துவிடும்.

போலிகளும் உண்டு. பழைய உறையில் உண்மையான தலையைப் பின்னாளில் ஒட்டிவிடுவார்கள். முத்திரையின் வட்டம் தலையிலிருந்து உறைத்தாளுக்கு முறியாமல் தொடர்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். பிறகு தேதிகள். குளிர்காலத்தில் தியான்ஜின் துறைமுகத்துக்கான நீர்வழி உறைந்துவிடுவதால், இரயில் வராத அக்காலத்தில் அஞ்சல் தரைவழியே ஆட்கள் மூலம் தெற்கே சென்றது. சனவரியில் பெய்ஜிங்கில் புறப்பட்டு மூன்றே நாளில் சாங்காய் சேர்ந்ததாகக் காட்டும் 1880-ஆம் ஆண்டு உறையை வாங்கக் கூடாது.