'சீர்மரபினர்' சான்றிதழ்: பின்னால் இருக்கும் ரேகைச் சட்டம் தெரியுமா?

சங்கரன்கோவில் பகுதி மறவர் சமூக மாணவர்களின் சாதிச் சான்றிதழில் 'சீர்மரபினர்' என்று இருக்கும். அப்படின்னா என்ன?

குற்றம் செய்யாமலே குற்றவாளி

1871-ல் ஆங்கிலேய அரசு வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. யார் என்ன தப்பு செய்தார் என்று பார்க்கவில்லை. பிறந்த சாதியை வைத்தே பதிவேட்டில் பெயரை ஏற்றி, கைரேகை எடுத்தார்கள். அதனால்தான் மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள்.

ராத்திரியில் போலீஸிடம் ஆஜராகணும். வெளியூர் போக சீட்டு வாங்கணும். தவறினால் ஜெயில். திருடாத ஆளும் இப்படித்தான் கோர்ட், ஜெயில் பதிவுகளில் 'குற்றவாளி' ஆனார்.

பெருங்காமநல்லூர்

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. 16 பேர் உயிரிழந்தனர். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

இப்போது?

1947-ல் சென்னை மாகாணத்திலும், 1952-ல் நாடு முழுவதும் சட்டம் ரத்தானது. அந்தப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களே சீர்மரபினர். தமிழகத்தில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருடன் சேர்த்து இவர்களுக்கு 20% இடஒதுக்கீடு உண்டு. தாத்தாவிடம் ரேகை வாங்கிய அதே பட்டியல்தான், பேரனின் அட்மிஷனுக்கு இன்று ஆதாரம்.