திரையின் நிலையும் பக்க விளைவுகளும்

ரயில் பிரயாணத்திற்கு இடம் பதிவு செய்வோர், வங்கிக் கணக்கைப் பார்வையிடுவோர், பரீட்சை முடிவுகளை அறிய விரும்புவோர் ஆகிய பலரும் இன்று தங்கள் காரியங்களைக் கைபேசி அல்லது கணினித் திரையின் மூலமாகவே முடித்துக்கொள்கின்றனர். திரையில் தென்படும் பொத்தான், பெயர் எழுதும் கட்டம், பட்டியல் முதலியவை தனித்தனி உறுப்புகளாக அமைக்கப்படுகின்றன. இவ்வுறுப்புகள் பிழையின்றி இயங்க வேண்டுமாயின் இரண்டு விஷயங்களில் கவனம் செலுத்துதல் அவசியம். ஒன்று, உறுப்பின் நிலை. மற்றொன்று, அதன் பக்க விளைவுகள்.

நிலை என்பது யாது? உறுப்பு நினைவில் வைத்திருக்க வேண்டியதும், அவ்வப்போது மாறக்கூடியதுமான விவரமே நிலை எனப்படும். கட்டத்தில் எழுதப்பட்ட சொல், தெரிந்தெடுக்கப்பட்ட ஊர், பட்டியல் வந்து சேர்ந்ததா இல்லையா என்பன இதற்கு உதாரணங்களாகும். முன்பெல்லாம் நிலை மாறுந்தோறும் திரையின் எந்தெந்தப் பகுதியைத் திருத்த வேண்டும் என்று நிரல் எழுதுவோரே ஒவ்வொன்றாகக் கட்டளையிடுவது வழக்கம். ஓரிடத்தைத் திருத்த மறந்தால், திரையின் ஒரு பகுதி ஒன்றையும் மற்றொரு பகுதி வேறொன்றையும் கூறும்.

2013-ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனம் யாவரும் உபயோகிக்குமாறு வெளியிட்ட ‘ரியாக்ட்’ என்னும் நிரல் தொகுப்பு வேறொரு முறையைக் கையாண்டது. இம்முறையில், இன்ன நிலையில் திரை இவ்வாறு தோன்ற வேண்டும் என்பது மட்டுமே எழுதப்படுகிறது. நிலை மாறியதும் தோற்றம் மீண்டும் கணக்கிடப்பட்டு, பழைய தோற்றத்திற்கும் புதியதற்கும் உள்ள வேற்றுமை மட்டும் திரையில் திருத்தப்படுகிறது.

இக்கணக்கு, கூட்டல் கழித்தலைப் போன்று தூய்மையானதாக இருத்தல் வேண்டும். அதாவது, ஒரே விவரங்களைக் கொண்டு எத்தனை முறை கணக்கிட்டாலும் ஒரே விடையே கிடைக்க வேண்டும். ஆனால் தொலைவிலுள்ள சர்வரிடமிருந்து விவரம் பெறுதல், கடிகாரத்தை ஓடவிடுதல் போன்ற வேலைகள் இக்கணக்கிற்குப் புறம்பானவை. இவையே பக்க விளைவுகள். 2019 பிப்ரவரியில் வெளிவந்த ரியாக்ட் 16.8 பதிப்பில், நிலையைப் பேணுவதற்கு ‘யூஸ்ஸ்டேட்’ என்பதும், பக்க விளைவுகளைத் தனியே பிரித்து நடத்துவதற்கு ‘யூஸ்எஃபெக்ட்’ என்பதும் ஏற்படுத்தப்பட்டன. எந்தெந்த விவரங்கள் மாறினால் பக்க விளைவு மறுபடியும் நிகழ வேண்டும் என்பதை ஒரு பட்டியலாகக் குறிப்பிடவும் வசதி உண்டு.

இதில் கவனக்குறைவு நேர்ந்தால் விளையும் தீங்கை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பிரயாணி ஒருவர் நாக்பூரைத் தெரிந்தெடுக்கிறார். உடனே மனம் மாறிப் போபாலைத் தெரிந்தெடுக்கிறார். சர்வருக்கு இரண்டு வினாக்கள் செல்கின்றன. முதலில் சென்ற வினாவுக்கு விடை முதலில் வரும் என்னும் நியதி கிடையாது. போபாலின் பட்டியல் முந்தி வந்து, நாக்பூரின் பட்டியல் தாமதமாக வந்து அதன்மேல் படிந்துவிட்டால், தலைப்பில் போபாலும் அதன் கீழே நாக்பூர் ரயில்களும் காணப்படும். திரையை நம்பிய பிரயாணி தவறான நேரத்திற்கு நிலையம் செல்ல நேரிடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. தொடங்கப்படும் ஒவ்வொரு பக்க விளைவுக்கும் அதை முடித்துவைக்கும் செயலும் உடன் எழுதப்பட வேண்டும். ஊர் மாறியவுடன் முந்தைய வினா ரத்து செய்யப்படவோ, அதன் விடை புறக்கணிக்கப்படவோ வேண்டும். உறுப்பு திரையினின்று நீங்கும்போது, அது ஓடவிட்ட கடிகாரமும் நிறுத்தப்பட வேண்டும். 2022 மார்ச்சில் வெளியான ரியாக்ட் 18 பதிப்பின் கண்டிப்பு முறையில், நிரலைத் தயாரிக்கும் கட்டத்தில் மட்டும், புதிதாகத் தோன்றும் உறுப்பின் பக்க விளைவுகள் ஒரு முறை தொடங்கப்பட்டு, முடிக்கப்பட்டு, மீண்டும் தொடங்கப்படுகின்றன. முடித்துவைக்கும் செயல் விடுபட்டிருந்தால் அக்குறை அப்போதே புலப்படுவதற்காகவே இந்த ஏற்பாடு.

வேறு இரண்டு விதிகளும் நினைவில் கொள்ளத்தக்கவை. முதலாவது, கணக்கிட்டு அறியக்கூடியதைத் தனி நிலையாக வைத்தல் கூடாது. பிரயாணிகளின் எண்ணிக்கையும் ஒருவருக்குரிய கட்டணமும் தெரிந்தால் மொத்தத் தொகையைப் பெருக்கி அறியலாம். அதைத் தனியே சேமித்தால், எண்ணிக்கை மாறியும் தொகை மாறாமல் நிற்கக்கூடும். இரண்டாவது, பணம் செலுத்துதல் போன்று பிரயாணி பொத்தானை அழுத்துவதால் நிகழ வேண்டிய செயலை, அப்பொத்தானுக்குரிய கட்டளையிலேயே அமைக்க வேண்டும். உறுப்பு தோன்றியவுடன் தானே நிகழும் பக்க விளைவாக அதை அமைத்தால், பிரயாணி அப்பக்கத்திற்குத் திரும்பி வரும்போது மறுமுறையும் பணம் கழிக்கப்படும் அபாயம் உண்டு.

நிலையைச் சுருக்கமாக வைத்து, பக்க விளைவுகளைத் தனியே பிரித்து, தொடங்கியதை முறையாக முடித்துவைத்தால், திரை கூறுவதும் உண்மையும் ஒன்றாகவே இருக்கும். திரையைத் தவிர வேறு அத்தாட்சி இல்லாத சாதாரண மக்களுக்கு இது பெரும் பாதுகாப்பாகும்.