வெக்கையைச் சமாளிக்கும் நகரங்களும் எமது ஊர்களும்

கிழக்குக் கரையோரத்தில் வாழும் எமக்கு இரண்டு வகை வெக்கை பழக்கம். மார்ச், ஏப்ரலில் காற்று அசையாமல் உடம்பு பிசுபிசுப்பது ஒன்று. ஜூனுக்குப் பின் வீசும் கச்சான் மற்றையது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, எமது பக்கம் இறங்கும்போது உலர்ந்து சூடேறி வருகிறது. இதை வகுப்பில் படம் கீறிப் படிப்பிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பது வேறொன்று: "சேர், கச்சான் முந்தியும் வீசினதானே, இப்ப ஏன் ராவைக்கும் படுக்க ஏலாம இருக்கு?"

நல்ல கேள்வி. பூமி வெப்பமடைவது ஒரு காரணம். ஊரை நாம் கட்டியிருக்கும் விதம் மற்றொன்று. மணல் முற்றம் பகலில் மேற்பரப்பில் மட்டும் சுடும், மஃரிப் கடந்ததும் ஆறிவிடும். கொங்கிரீட்டும் தார் வீதியும் அப்படியல்ல. பகல் முழுக்க வெப்பத்தை உள்ளே சேமித்து, இரவு முழுக்க வெளியே விடுகின்றன. கிடுகும் ஓடும் போய்த் தகரமும் தட்டைக் கூரையும் வந்தன. முற்றத்து வேம்பும் பூவரசும் தறிக்கப்பட்டன. உயர்ந்த மதில்கள் கடற்காற்றையும் மறித்துவிட்டன. பர்தாவுக்காக மதில் வேண்டும் என்பது சரிதான், ஆனால் துளைவைத்த கல்லாலும் மதில் கட்டலாமே.

உடம்பு தன்னைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஈரப்பதன் கூடினால் வியர்வை ஆவியாகாது. வெப்பநிலை 32 பாகையாக இருந்தாலும், ஈரப்பதன் 75 வீதமானால் உடம்பு உணர்வது ஏறத்தாழ 42 பாகை. வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் இதைத்தான் சொல்கிறது. பகலில் களைத்த உடம்பு இரவில் ஆறாவிட்டால் இருதயமும் சிறுநீரகமும் ஓய்வின்றி உழைக்கின்றன. வெப்ப அலைகளில் முதியோர் அதிகம் இறப்பதற்கு இது முக்கிய காரணம்.

இதற்கு நகரங்கள் என்ன செய்கின்றன? குஜராத் என்றால் எமக்கு வேறு நினைவுகள் வரும். ஆனாலும் அஹமதாபாத்திடம் படிக்க ஒன்று இருக்கிறது. 2010 மே மாதம் அங்கே வெப்பநிலை 46.8 பாகையைத் தொட்டது. வழமையான மே மாதத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தனர். 2013இல் அந்த மாநகர சபை தெற்காசியாவின் முதலாவது வெப்பச் செயற்திட்டத்தைத் தொடங்கியது. அதில் பெரிய பொறியியல் எதுவுமில்லை. கடும் வெப்ப நாட்களுக்கு முன்கூட்டியே நிறக் குறியீட்டு எச்சரிக்கை, வைத்தியசாலை ஊழியர்களுக்குப் பயிற்சி, தண்ணீர்ப் பந்தல்கள், நண்பகலிலும் பூட்டாத பூங்காக்கள். பின்னர் வறிய குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். இத்தகைய பூச்சு வீட்டுக்குள்ளே 2 முதல் 5 பாகை வரை குறைக்கும். திட்டத்தால் ஆண்டுக்கு 1,100க்கும் மேற்பட்ட இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

மக்கா வேறொரு பாடம். மதீனாப் பள்ளிவாசலின் இராட்சதக் குடைகள், மதாஃபின் சுடாத வெள்ளைப் பளிங்குத் தரை, மினாவின் குளிரூட்டிய கூடாரங்கள் என்று அங்கு செலவுக்குக் குறைவில்லை. ஆனால் 2024 ஹஜ்ஜின்போது, ஜூன் 17ஆம் திகதி மஸ்ஜிதுல் ஹராமில் 51.8 பாகை பதிவானது. 1,301 பேர் வபாத்தானார்கள். அவர்களில் 83 வீதமானோர் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வந்து, தங்குமிடமின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. ஏற்பாடு இருந்தது, அது அவர்களைச் சென்றடையவில்லை. எம் ஊர்களில் அந்த இடத்தில் இருப்பவர்கள் யார்? வீதியில் மரக்கறி விற்பவர், வயலில் நிற்பவர், தகர வீட்டில் தனியே கிடக்கும் மூதாட்டி, அடுப்படியில் நிற்கும் எமது பெண்கள்.

கடும் வெப்பத்தில் ளுஹரை வெப்பம் தணியும்வரை தாமதப்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. தொழுகையிலேயே இந்தச் சலுகை என்றால், முதலாம் தவணையின் இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சியைக் காலை எட்டு மணிக்கு முன் முடிப்பதில் என்ன தடை? பெற்றோர் இதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கேட்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ளுஹருக்கும் அஸருக்கும் இடையில் கதவைப் பூட்டாமல், குளிரூட்டிய மண்டபத்தை முதியவர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் திறந்து வைக்கலாம். பெண்களுக்கும் ஒரு பகுதி இருக்கட்டும். காத்தான்குடி பிரதான வீதியின் பேரீச்சை மரங்கள் கண்ணுக்கு அழகு, ஆனால் நிழல் தேடுபவருக்கு வேம்புதான் உதவும். இனி நடும் சபைகள் அதைக் கவனிக்கட்டும்.

யாராவது வெயிலில் நின்று பேச்சுக் குழறி, உடம்பு கொதித்தால் அது வெறும் மயக்கமல்ல. நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவருக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள். உடனே 1990ஐ அழையுங்கள்.

எமது பாடசாலையில் ஒரு கட்டடத்துக்குத் தகரக் கூரை. அதற்கு வெள்ளைப் பூச்சு அடித்துத் தருமாறு பழைய மாணவர்களிடம் கேட்டிருக்கிறோம். முதலில் பாதிக் கூரைக்கு மட்டும் அடித்து, இரண்டு பக்க வகுப்பறைகளிலும் வெப்பமானியைத் தொங்கவிட்டால், எவ்வளவு குறைகிறதென்று பிள்ளைகளே அளந்து சொல்வார்கள்.