சி டிரைவை மட்டும் நகலெடுத்தால் ஏன் பூட் ஆகாது?

மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரை மெய்நிகர் கணினியாக மாற்றும்போது பலரும் சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். விண்டோஸ் அங்கேதான் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதை எழுப்பிவிடும் பூட் நிரல் பெரும்பாலும் வேறு பார்ட்டிஷனில் இருக்கும். யூஇஎஃப்ஐ கணினிகளில் அது ஃபேட்32 வடிவிலான ஒரு சிறு பகுதி. பழைய பயாஸ் கணினிகளில் 'சிஸ்டம் ரிசர்வ்டு'. இரண்டுக்கும் டிரைவ் எழுத்து கிடையாது, அதனால் கண்ணில் படுவதில்லை. மைக்ரோசாஃப்டின் டிஸ்க்2விஹெச்டி போன்ற கருவியில் அதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் மெய்நிகர் கணினி மென்பொருளான ஹைப்பர்-வியில் ஜெனரேஷன் 1 கணினி பயாஸ் முறையிலும், ஜெனரேஷன் 2 யூஇஎஃப்ஐ முறையிலும் எழும். யூஇஎஃப்ஐ கணினியின் ஜிபிடி வகை வட்டிலிருந்து வந்த விண்டோஸுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

என்னை மிகவும் வியக்கவைப்பது வட்டின் அடையாள எண். டிரைவ் எழுத்தை நம்பாமல், இந்த எண்ணைப் பார்த்துத்தான் பூட் பதிவேடு தன் வட்டைக் கண்டுபிடிக்கிறது. நகல் சரியாக வந்ததா என்று பார்க்க, அதை அதே கம்ப்யூட்டரில் இணைத்தால் என்ன ஆகும்? ஒரே எண்ணில் இரண்டு வட்டுகள் இருப்பதால், மோதலைத் தவிர்க்க விண்டோஸ் நகலுக்குப் புது எண் கொடுத்துவிடும். பதிவேட்டிலோ பழைய எண். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தும் நகல் எழாது. சோதிப்பதை வேறு கணினியில் செய்யுங்கள்.

வட்டை முன்கூட்டியே சுருக்கத் தேவையில்லை. டைனமிக் வகை மெய்நிகர் வட்டுக் கோப்பு, எழுதப்பட்ட தரவுக்கு ஏற்பவே வளரும். பின்னாளில் சி டிரைவைப் பெரிதாக்கும்போதுதான் சிக்கல்: காலியிடம் அதை ஒட்டியே இருக்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் மறித்து நிற்கும். ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியைக் கொண்டு அதைக் கடைசிக்கு நகர்த்திவிடலாம்.