உஷார்! ஷார்ப்பி தானாகத் திரும்பினால் முதலில் கோல்டு பைரோவை அணையுங்கள்

மேடையில் வரவேற்பு நடக்கிறது. மேலே ட்ரஸ்ஸில் வரிசையாக ஷார்ப்பி லைட்டுகள். நாலாவது லைட் யாரும் சொல்லாமலே தலையைத் திருப்புகிறது, அதற்கடுத்தது படபடவென்று வெட்டுகிறது. “கேபிள் லூசு சார், அது அப்படித்தான்” என்று சிரித்துவிட்டுப் போகிறார் லைட்மேன். சிரிக்கிற விஷயமில்லை. அதே கேபிளின் கடைசியில், மணமக்களின் காலுக்குச் சில அடி தள்ளி, பொறி கக்கும் கோல்டு பைரோ மெஷின் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதன் பவர் பிளக்கைப் பிடுங்குங்கள். லைட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஷார்ப்பியை ஆட்டுவதும் பொறியைப் பறக்கவிடுவதும் ஒரே டிஎம்எக்ஸ் சிக்னல்தான். 1986-ல் அமெரிக்காவில் நாடக மேடை டிம்மர்களை மனத்தில் வைத்து உருவாக்கிய ஏற்பாடு இது. ஒரு லைனுக்கு 512 சேனல். லைட்டுகளை ஓட்டும் போர்டு அத்தனைக்கும் விநாடிக்கு நாற்பது தடவைக்கு மேல்கூட எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கி மாதிரி, யார் கேட்டார்கள், சரியாகக் காதில் விழுந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வழியில் எண் சிதைந்தால் கண்டுபிடிக்கவும் வழியில்லை. டிம்மருக்கு அதனால் நஷ்டமில்லை; பல்பு ஒரு கணம் சிமிட்டும், அவ்வளவுதான். பொறி மெஷினுக்கு அந்த ஒரு கணமே அதிகம். பிழை சரிபார்ப்பு கட்டாயமில்லாததால் ஆபத்தான வேலைகளுக்கு இது ஏற்றதல்ல என்று டிஎம்எக்ஸ் தர விதியிலேயே எழுதியிருக்கிறது. நம் மண்டபங்களில் அதை யார் படித்தார்கள்!

சிக்னல் சிதையவே வேண்டாம், அட்ரஸ் இடித்தாலே போதும். மூன்றாவது ஷார்ப்பி 33-ல் தொடங்கி 16 சேனல் எடுத்தால் 48-ல் முடியும், 49-ல் பைரோ. யாரோ அவசரத்தில் லைட்டையும் போர்டையும் 20 சேனல் மோடுக்கு மாற்றிவிட்டால், ஷார்ப்பிக்குப் போக வேண்டிய எண் 49-க்கும் போய்ச் சேரும். சில மெஷின்களில் இதைத் தடுக்கத் தனிப் பாதுகாப்புச் சேனல் உண்டு. எல்லாவற்றிலும் உண்டென்று நம்பாதீர்கள். நடுவில் ஒரு ஸ்பிளிட்டர் வைத்தாலும் தீராது, அதே எண்கள்தான் இரண்டு பக்கமும் போகும். பொறி மெஷினுக்குத் தனி யூனிவர்ஸ், அதாவது தனி 512 சேனல் லைன், கொடுங்கள், அல்லது அதன் சொந்த ரிமோட்டில் ஓட்டுங்கள். பவர் சுவிட்சில் கை வைத்து, கண்ணால் மேடையைப் பார்த்தபடி ஓர் ஆள் நிற்க வேண்டும். இதில் பேரமே கிடையாது.

அடுத்தது இதைவிடப் பயங்கரம். ட்ரஸ்ஸைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? “லேசா இழுக்குது, பரவாயில்லை” என்பவரை ஏணியிலிருந்து இறக்கிவிடுங்கள். லைட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளையின் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் எர்த்துக்குக் கசியும். எர்த் பின்னை ஒடித்து இரண்டு பின் சாக்கெட்டில் சொருகியிருந்தால், அந்தக் கசிவு போக்கிடமில்லாமல் லைட்டின் உடம்பிலேயே நிற்கும். ஒரு லைட்டின் கசிவு சின்னது. இருபது லைட்டின் கசிவு ஒரே ட்ரஸ்ஸில் சேர்ந்தால்? அது வெளியேற வழி தேடி டிஎம்எக்ஸ் கேபிளின் ஷீல்டிலும் ஓடும். சிக்னல் குழம்பும், லைட்டின் டிஎம்எக்ஸ் சிப் போகும், போர்டும் போகலாம். ஆகவே சிமிட்டலும் சுருக்கும் சேர்ந்து வந்தால் கேபிளைக் குற்றம் சொல்லாதீர்கள். மெயினை அணைத்து வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்திருக்கிறதா, கசிவைக் கண்டதும் கரண்டை வெட்டும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேளுங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறதென்று அதைக் கழற்றிப்போடுவது கொலைக்குச் சமம். லைட்டுகளைப் பிரித்து இரண்டு மூன்று ஆர்சிசிபியில் போட்டால் தேவையில்லாத டிரிப் குறையும். பாதி லைட் மங்கி, பாதி திடீரென்று பளிச்சென்றால் நியூட்ரல் விட்டிருக்கலாம். 230 வோல்ட் லைட்டில் 400-ஐ நெருங்கும் வோல்ட் ஏறிவிடும். யோசிக்க நேரமில்லை, மெயினை இறக்குங்கள்.

கரண்ட் சரி, பைரோவும் அணைந்துவிட்டது என்றால் நிதானமாகக் கேபிளுக்கு வரலாம். சிமிட்டுகிற லைட்டே கெட்ட லைட் என்று முடிவு கட்டுவதுதான் வழக்கமான தப்பு. பெரும்பாலான லைட்டில் டிஎம்எக்ஸ் ‘இன்’ சாக்கெட்டும் ‘அவுட்’ சாக்கெட்டும் உள்ளே ஒன்றாகவே இணைந்திருக்கும். எட்டாவது லைட்டின் சிப் செத்தால் மூன்றாவது ஆடும். எனவே லைட்டுகளை வரிசையாகக் கோத்திருக்கும் கேபிள் செயினை நடுவில் கழற்றி, நடு லைட்டின் அவுட்டில் லைனை முடித்துவைக்கும் டெர்மினேட்டரைச் சொருகுங்கள். முன்பாதி அடங்கினால் வியாதி பின்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். கடைசியில் ஒரு கேபிளும் ஒரு லைட்டும் மிஞ்சும். நல்லதென்று தெரிந்த கேபிளை மாற்றிப் பாருங்கள், அடங்காவிட்டால் அந்த லைட்டைத் தாண்டி இணையுங்கள்.

டெர்மினேட்டர் என்பது 2, 3 பின்களுக்கு நடுவே ஒரு 120 ஓம் ரெசிஸ்டர். அதற்குக்கூட கஞ்சத்தனம்! எல்லா லைட்டையும் அணைத்து, போர்டிலிருந்து கேபிளைக் கழற்றி, முதல் கேபிளின் 2, 3 பின்களில் மீட்டரை வையுங்கள். 120-ஐ ஒட்டிக் காட்டினால் நல்லது. 60 என்றால் எங்கோ இரண்டாவது டெர்மினேட்டர் இருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டினால் ஷார்ட். ஆயிரக்கணக்கில் ஏறினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது டெர்மினேட்டரே இல்லை.

மைக் கேபிளைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். நாலு லைட்டுக்கு ஓடும். மேடை பெரிதானதும் காலை வாரும். பின் ஒரே மாதிரி இருப்பதால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சவுண்டுக்காரர்களின் மல்டிகோரில் டிஎம்எக்ஸ் கேபிளைத் தவறிச் சொருகினால், மிக்ஸரின் 48 வோல்ட் பாண்டம் பவர் லைட்டின் சிப்பைத் தின்றுவிடலாம். இரண்டு கேபிளுக்கும் இரண்டு நிற டேப் ஒட்டுங்கள். ஒரு லைனில் 32 லைட்டுக்கு மேல் வேண்டாம். ஒய் ஜாயிண்ட் போட்டு லைனைப் பிரிக்கவும் வேண்டாம், ஐசொலேட்டட் ஸ்பிளிட்டர் வாங்குங்கள்.

கெட்ட கேபிளைக் கண்டுபிடித்ததும் ஓரமாகப் போட்டுவிட்டு நகராதீர்கள். விடியற்காலை லோடு ஏற்றும் பையன்கள் அதையும் அள்ளி அதே பெட்டியில் போடுவார்கள். அங்கேயே இரண்டு முனையிலும் கனெக்டரை வெட்டி எடுத்துவிடுங்கள்.